கச்சா எண்ணெய் மண்ணுக்கடியில் எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோலியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. முதல் நான்கு பதில்களைப் படித்துவிட்டால் மற்றவை சுலபமாகப் பிடிபடும். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

1. பெட்ரோல் எல்லாம் டைனோசர் செத்துப் புதைஞ்சு வந்ததுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்தவை. செத்த உடலை மற்ற விலங்குகளும் நுண்ணுயிரிகளும் தின்று தீர்த்துவிடும். எல்லா டைனோசர்களையும் சேர்த்தாலும் உலகின் எண்ணெய் வளத்துக்கு அது ஈடாகாது. 1930-களில் அமெரிக்காவின் சின்க்ளேர் எண்ணெய் நிறுவனம் டைனோசரைத் தன் சின்னமாக்கி விளம்பரம் செய்தது. இந்த நம்பிக்கை பரவியதில் அதற்கும் பங்கு உண்டு.

எண்ணெயின் மூலப்பொருள் கண்ணுக்கே தெரியாத உயிர்கள். கடலிலும் ஏரியிலும் மிதக்கும் நுண்பாசிகள், அவற்றைத் தின்னும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகள், பாக்டீரியாக்கள். இவற்றின் உடலில் இருக்கும் கொழுப்புதான் பின்னாளில் எண்ணெயாகிறது.

2. அப்போ கடல்ல செத்து விழுறதெல்லாம் எண்ணெய் ஆயிடுமா?

ஆகாது. கடலின் மேற்பரப்பில் உருவாகும் உயிர்ப்பொருளில் 100-இல் 1 பங்குகூடச் சேற்றில் நிலைத்துத் தங்குவதில்லை. மற்றதெல்லாம் வழியிலேயே தின்னப்படும். இல்லாவிட்டால் ஆக்சிஜன் பட்டு மட்கி, கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பிவிடும்.

தங்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் ஒரே இடத்தில் கூடிவர வேண்டும். மேலே பாசி அபரிமிதமாக வளர வேண்டும். ஆழத்துச் சத்துநீர் மேலெழும் பெரு, நமீபியா நாடுகளின் கடற்கரைப் பகுதிகளில் இன்றும் அப்படி வளர்கிறது. அடுத்து, அடித்தளத்து நீரில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. கருங்கடலில் சுமார் 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. அங்கே சேற்றைத் தோண்டித் தின்னும் புழுக்கள்கூட வாழ முடியாது. மூன்றாவதாக, மேலே வந்து படியும் மண் மிக நுண்ணிய களியாக இருக்க வேண்டும். மணலாக இருந்தால் இடைவெளிகள் வழியே ஆக்சிஜன் இறங்கிக் கெடுத்துவிடும். வண்டல் அளவுக்கு மீறிக் கொட்டினாலும் நல்லதல்ல. கரிமப் பொருள் மண்ணில் கரைந்து நீர்த்துப்போகும்.

3. பூமிக்கடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கிக் கிடக்குதா?

அப்படி ஏரியோ குகையோ கிடையாது. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. இப்படி எண்ணெய் தேங்கும் பாறைதான் தேக்கப்பாறை. நல்ல தேக்கப்பாறையில் பருமனில் 10 முதல் 30 சதவீதம் துளைகள். அந்தத் துளைகளிலும் எண்ணெய் மட்டும் இருப்பதில்லை. ஓரத்தில் உப்புநீர்ப் படலம் எப்போதும் ஒட்டியிருக்கும்.

கிணற்றிலிருந்து எடுத்த மணற்கல் துண்டைக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கறுத்த களிப்பாறைத் துண்டின்மேல் விட்ட சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். எண்ணெய் உருவாவது இரண்டாவது பாறையில், அதுதான் மூலப்பாறை. நாம் எடுப்பது முதல் பாறையான தேக்கப்பாறையிலிருந்து. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

4. சேறு எண்ணெயா மாறுறது எப்படி? படிப்படியா சொல்லுங்க.

முதலில் புதைவு. மேலே மேலே வண்டல் படியப் படிய, சேறு அமுங்கி நீரை இழந்து களிப்பாறையாகிறது. இந்தக் கட்டத்தில் வேலை செய்பவை நுண்ணுயிரிகள். புரதத்தையும் சர்க்கரையையும் அவை முதலில் தின்றுவிடும். அப்போது உண்டாகும் மீத்தேன்தான் சதுப்பு வாயு. எளிதில் செரிக்காத கொழுப்புப் பொருள்களும் பாசிகளின் செல்சுவர்களும் மிஞ்சி, ஒன்றோடொன்று பிணைந்து கெரோஜன் என்ற திடப்பொருளாகின்றன. அது பெரிய மூலக்கூறுகளாலான கறுப்புப் பொருள். சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாது. எண்ணெய்க்கு நேரடித் தாய் இந்தக் கெரோஜன்தான். இன்னும் ஒரு சொட்டு எண்ணெய்கூட உருவாகவில்லை.

இரண்டாவது கட்டத்தில் வெப்பம் வேலையை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் பூமி சராசரியாக 25 முதல் 30 டிகிரி சூடாகிறது. சுமார் 60 டிகிரியில் கெரோஜனின் பிணைப்புகள் அறுபடத் தொடங்கி, சிறிய திரவ மூலக்கூறுகள் பிரிகின்றன. 90 முதல் 120 டிகிரி வரை விளைச்சல் உச்சம். ஆழக் கணக்கில் பெரும்பாலான படுகைகளில் (வண்டல் குவிந்து நிறைந்த பெரிய பள்ளங்களில்) இது 2 முதல் 4 கிலோமீட்டருக்குள் வரும்.

அதற்கும் மேல் சூடானால் எண்ணெயே உடையத் தொடங்கும். சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் குறைந்து வாயு பெருகும். 200 டிகிரியைக் கடந்தால் மீத்தேனும், பென்சில் கரிபோன்ற கிராஃபைட்டை நோக்கிப் போகும் எச்சமும்தான் மிச்சம். சூடு குறைந்தாலும் எண்ணெய் இல்லை, கூடினாலும் இல்லை.

5. அழுத்தம்தானே முக்கியம்? பள்ளிக்கூடத்துல "அழுத்தமும் வெப்பமும்"னு படிச்சோமே.

வேதிமாற்றத்துக்கு வெப்பம்தான் காரணம். அழுத்தம் கார்பன் பிணைப்புகளை அறுப்பதில்லை. சேற்றைப் பாறையாக இறுக்குவதும், உருவான எண்ணெயை மூலப்பாறையிலிருந்து பிதுக்கி வெளியேற்றுவதும் அதன் வேலை.

தெற்கு காஸ்பியன் படுகை இதற்கு நல்ல சான்று. அங்கே வண்டல் மிக வேகமாகக் குவிந்ததால் பூமி குளிர்ந்தே இருக்கிறது. மற்ற இடங்களில் எண்ணெய் எல்லாம் வாயுவாகிவிட்டிருக்கும் ஆழத்தில், எவ்வளவோ அழுத்தம் இருந்தும், அங்கே எண்ணெய் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆழத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. அந்தப் படுகையின் வெப்பக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

6. ஒரு இடத்துல எண்ணெய், ஒரு இடத்துல கேஸ், ஒரு இடத்துல நிலக்கரி. ஏன் இப்படி?

இரண்டு காரணங்கள். ஒன்று, 4-ஆம் பதிலில் சொன்ன வெப்பம். மற்றொன்று, எது புதைந்தது என்பது. இங்கே ஹைட்ரஜன் கணக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எண்ணெயில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய 1.8 ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஏரிப்பாசியிலிருந்து வந்த முதல்வகைக் கெரோஜனில் இந்த விகிதம் 1.5-ஐ ஒட்டியோ மேலாகவோ இருக்கும். கடல் மிதவை உயிரிகளிலிருந்து வந்த இரண்டாம் வகையில் 1.2 அல்லது 1.3. உலகின் எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை தந்தது. மரம், தண்டு, இலையிலிருந்து வந்த மூன்றாம் வகையில் 1-க்கும் கீழே. அதனால் அது பெரும்பாலும் வாயுவையே தரும்.

சதுப்புநிலக் காடுகள் குவியலாகப் புதைந்தால் நிலக்கரி. ஆனால் மெழுகுப் பூச்சுள்ள இலைகளும் பிசினும் அதிகம் சேர்ந்த நிலக்கரி எண்ணெயும் தரும். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்ட் படுகை அப்படிப்பட்டது.

7. கோடிக்கணக்கான வருஷம் கட்டாயம் ஆகணுமா?

காலம் தேவை, ஆனால் காலத்தைவிட வெப்பத்துக்குத்தான் இந்த வேதிவினை அதிகம் கட்டுப்படும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் குறைந்தது இரட்டிப்பாகும். 100 டிகிரியில் 1 கோடி ஆண்டு எடுப்பது 110 டிகிரியில் 50 லட்சம் ஆண்டிலோ அதற்கும் முன்னரோ முடிந்துவிடும். சிறுதீயில் வைத்தது நேரமெடுத்தும், பெருந்தீயில் வைத்தது சீக்கிரமும் வேகிற மாதிரிதான். ஆனால் வெறும் 40 டிகிரியில் வைத்துவிட்டு எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் பயனில்லை.

கலிபோர்னியா வளைகுடாவில் குவாய்மாஸ் படுகை இருக்கிறது. சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில், எரிமலைச் சூடு ஏறிய வெந்நீர் இளம் சேற்றின் ஊடாகக் கொப்பளிக்கிறது. அங்கே கசியும் எண்ணெயின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. ஆய்வுக்கூடத்தில் மூலப்பாறைத் துண்டுகளை நீரோடு இறுக மூடி, 330 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தால் நீரின்மேல் எண்ணெய் மிதக்கும். இயற்கை எண்ணெயோடு பெரிதும் ஒத்திருக்கும். பெரும்பாலான எண்ணெய் வயல்களுக்குக் கோடி ஆண்டுகள் ஆனதற்குக் காரணம், பாறை அந்தச் சூட்டுக்கு மெல்ல மெல்லப் புதைந்து இறங்கியதுதான்.

8. உருவான இடத்துலேயே எண்ணெய் இருக்குமா? இல்ல நகருமா?

நகரும். கெரோஜன் திரவமாகும்போது அதிக இடம் கேட்கும். களிப்பாறையில் இடமில்லாததால் அழுத்தம் ஏறி, நுண்விரிசல்கள் திறந்து, எண்ணெய் பக்கத்துப் பாறைக்குள் தள்ளப்படுகிறது. அங்கிருந்து மிதப்புத்தன்மை பார்த்துக்கொள்ளும். நுண்துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் நிரம்பியிருக்கிறது. எண்ணெய் அதைவிட இலேசானது. எனவே சரிந்த அடுக்குகளின் வழியே மேல்நோக்கி ஏறும். சில இடங்களில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் பயணித்திருக்கிறது.

வழியில் தடை இல்லாவிட்டால் தரைக்கு வந்து கசியும். டிரினிடாட்டின் தார் ஏரி அப்படி வந்ததுதான். தடை என்பது மேலே எண்ணெய் புகாத மூடிப்பாறை: களிப்பாறை, உப்பு, அன்ஹைட்ரைட் (கடல்நீர் வற்றும்போது படியும் கனிமம்). அதோடு, எண்ணெய் பக்கவாட்டில் நழுவாதபடி பாறை அமைப்பும் வேண்டும். கவிழ்ந்த வில்போல வளைந்த மடிப்பு, பிளவால் நகர்ந்து எதிரே களிப்பாறை வந்து அடைத்த அடுக்கு, மேலெழும் உப்புத்தூணின் விலா, மணல் மெலிந்து மறையும் முனை போன்றவை. அங்கே வாயு மேலே, எண்ணெய் நடுவில், நீர் அடியில் என்று பிரிந்து நிற்கும்.

9. எல்லாம் சரியா இருந்தும் சில கிணறு வெறுமையா போகுதே, என்ன தப்பு நடந்திருக்கும்?

பெரும்பாலும் வரிசை பிசகியிருக்கும். எண்ணெய் ஏறி வரும்போது மடிப்பு தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் போன பிறகு மடிப்பு உருவானால் அதில் நீர்தான் இருக்கும். முன்பே உருவாகி, எண்ணெயும் நிறைந்து, பிறகு நில அசைவில் சரிந்தாலோ மூடிப்பாறை பிளந்தாலோ எல்லாம் கசிந்துபோகும். மேலே கிடக்கும் பாறை அரிக்கப்பட்டு மூலப்பாறை குளிர்ந்துவிட்டால் உற்பத்தியும் அதோடு நின்றுவிடும்.

1983-இல் அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள கடலில் தோண்டிய மக்லக் கிணறு இதற்குப் பேர்போன உதாரணம். குத்தகைக்கும் கிணற்றுக்கும் நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. தேக்கப்பாறை இருந்தது, அமைப்பும் பிரம்மாண்டமாக இருந்தது. பாறையில் எண்ணெய்க் கறையும் இருந்தது. ஆனால் துளைகளில் இருந்தது உப்புநீர். ஒரு காலத்தில் நிறைந்திருந்த எண்ணெய் நாம் வருவதற்கு வெகு முன்பே வெளியேறிவிட்டது.

10. ஒரு கன மீட்டர் மூலப்பாறை எவ்வளவு எண்ணெய் தரும்?

ஒரு நல்ல மூலப்பாறையை எடுத்துக் கணக்குப் போடலாம். ஒரு கன மீட்டரின் எடை சுமார் 2,400 கிலோ. அதில் கரிமக் கார்பன் 4 சதவீதம் என்றால் 96 கிலோ. (ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பொதுவாக அதை நல்ல மூலப்பாறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.) ஒரு கிராம் கார்பன் 400 மில்லிகிராம் எண்ணெய் தரும் தரமுள்ள கெரோஜன் என்று வைத்தால், முழுதும் வெந்து முடிந்த பிறகு ஏறக்குறைய 38 கிலோ, அதாவது 45 லிட்டர்.

இது காகிதக் கணக்கு. இதில் ஒரு பகுதி மூலப்பாறையிலேயே ஒட்டிக்கொள்ளும். போகும் வழியெங்கும் துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி தரைக்குக் கசிந்துவிடும். நல்ல படுகையில்கூடப் பத்தில் ஒரு பங்கு தேக்கத்தில் சேர்ந்தால் பெரிய காரியம்: 4 லிட்டர் சொச்சம். அதிலும் கிணறு வழியே மேலே வருவது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு. 45 லிட்டரில் நம் கைக்கு எட்டுவது ஒன்றரை லிட்டர்.

11. வளைகுடா நாடுகள்ல மட்டும் ஏன் இவ்வளவு எண்ணெய்?

இதுவரை சொன்ன நிபந்தனைகள் எல்லாம் அங்கே ஒன்று தவறாமல், சரியான வரிசையில் வாய்த்தன. ஜுராசிக் காலத்தில் அந்தப் பகுதி வெப்ப மண்டலத்தில், இன்று மறைந்துவிட்ட டெத்திஸ் கடலின் ஆழமற்ற விளிம்பாக இருந்தது. கரிமம் செறிந்த சுண்ணாம்புச் சேறு பரந்த பரப்பில் படிந்தது. அதற்கு மேலேயே துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்கும் மேல் கடல்நீர் வற்றியதால் படிந்த அன்ஹைட்ரைட் மூடி. பிறகு பெரிய நில அசைவு எதுவும் வந்து மூடியை உடைக்கவில்லை. சவூதியின் கவார் வயல் ஒரே மடிப்பில் சுமார் 280 கிலோமீட்டர் நீளம்.

12. எண்ணெய் ஒரு இடத்துல தண்ணி மாதிரி, ஒரு இடத்துல தார் மாதிரி இருக்கு. கந்தகமும் கூடக் குறைய இருக்கு. ஏன்?

தார் மாதிரி இருப்பது பெரும்பாலும் கெட்டுப்போன எண்ணெய். தேக்கம் 80 டிகிரிக்கும் குளிர்ந்த ஆழத்தில் இருந்தால் பாக்டீரியாக்கள் அங்கே வாழும். இலேசான, நேர்சங்கிலி மூலக்கூறுகளை முதலில் தின்று, கனமானவற்றை விட்டுவைக்கும். கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணலும் வெனிசுலாவின் ஓரினோகோ படிவும் இப்படி ஆனவை.

கந்தகத்தின் கதை இன்னும் பழையது, சேற்றிலேயே தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். களிமண்ணில் இரும்பு தாராளமாக உண்டு. அது சல்பைடைப் பிடித்துப் பைரைட்டாக்கிவிடும், எண்ணெய் சுத்தமாக வரும். சுண்ணாம்புச் சேற்றில் இரும்பு அரிது. போக்கிடம் இல்லாத கந்தகம் கெரோஜனுக்குள் புகுந்துவிடும். அதனால்தான் சுண்ணாம்பு மூலப்பாறை தரும் எண்ணெயில் கந்தகம் மிகுதி.

13. ஷேல் ஆயில், ஆயில் ஷேல் ரெண்டும் ஒண்ணா?

இல்லை, நேர் எதிர். ஷேல் என்றால் களிப்பாறை. ஆயில் ஷேல் என்பது இன்னும் வேகாத பாறை. உள்ளே இருப்பது கெரோஜன். அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியுள்ள கிரீன் ரிவர் படிவு 5 கோடி ஆண்டு வயதான ஏரிச்சேறு. போதிய ஆழம் புதையவே இல்லை. அதிலிருந்து எண்ணெய் வேண்டுமானால் பாறையைச் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி, இயற்கை செய்யாமல் விட்ட வேலையை நாம் செய்ய வேண்டும்.

ஷேல் ஆயில் வெந்து முடித்தும் வெளியேறாமல் மூலப்பாறையிலும் அதை ஒட்டிய இறுகிய அடுக்குகளிலும் தங்கிவிட்ட திரவ எண்ணெய். வட அமெரிக்காவின் பேக்கன் படிவு இத்தகையது. கிடைமட்டக் கிணறு போட்டு, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எடுக்கிறார்கள்.

14. பாறை எவ்வளவு சூடு பட்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

பாறையில் கலந்திருக்கும் விட்ரினைட் என்ற மரத்துகளை மெருகேற்றி, நுண்ணோக்கியில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பார்கள். சூடு பட்டதற்கேற்ப அது பளபளக்கும். பட்டது பட்டதுதான், பாறை பிறகு குளிர்ந்தாலும் பளபளப்பு குறையாது. 0.6 முதல் 1.3 சதவீதம் எண்ணெய் எல்லை. 2 வரை ஈர வாயு (கனமான வாயுக்களும் கலந்தது), அதற்கு மேல் உலர் வாயு (பெரும்பாலும் மீத்தேன்).

இன்னொரு முறையில், சுமார் 100 மில்லிகிராம் பாறைப்பொடியை முதலில் 300 டிகிரியில் வைப்பார்கள். ஏற்கெனவே உருவான எண்ணெய் ஆவியாகி வரும். பின்னர் நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் ஏற்றினால் கெரோஜன் உடையும். உடைதல் உச்சமாகும் வெப்பநிலை 435 டிகிரிக்கும் கீழே என்றால் பாறை இன்னும் வேகவில்லை.

இரண்டிலும் ஏமாற இடமுண்டு. எண்ணெய் கலந்த துளையிடு சேறு பயன்படுத்தியிருந்தால் 300 டிகிரியில் வரும் எண்ணெயின் அளவு பொய்யாக உயரும். விட்ரினைட் முறையிலோ, பழைய பாறை அரிக்கப்பட்டு வந்து கலந்த துகள்கள் அதிகம் பளபளத்து, மேலே இருந்து கிணற்றுக்குள் உதிர்ந்த துகள்கள் குறைவாகப் பளபளத்து, கணக்கைக் குழப்பும். ஒரே அளவீட்டை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

15. உயிரே இல்லாம, பூமியோட ஆழத்துல எண்ணெய் தானா உருவாகுதுன்னு ஒரு கொள்கை இருக்காமே?

இருக்கிறது. 1877-இல் தனிம அட்டவணை தந்த மெண்டலீவே அப்படிக் கருதினார். பின்னாளில் வானியலாளர் தாமஸ் கோல்டு இதைத் தீவிரமாக வாதாடினார். அவர் சொன்னபடி 1986-இல் ஸ்வீடனின் சில்யான் பகுதியில் கிரானைட்டைத் துளைத்து 6 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பார்த்தார்கள். வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை.

உயிர்மூலத்துக்கான சான்று எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. 1930-களில் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயில் பார்ஃபிரின்களைக் கண்டறிந்தார். அவை பச்சையத்தின் சிதைவு. பாக்டீரியாச் செல்சவ்வின் எச்சமான ஹோப்பேன்கள் ஏறக்குறைய எல்லா எண்ணெயிலும் உண்டு. ஒலியனேன் என்ற சேர்மம் இருந்தால் பூக்கும் தாவரங்களின் பங்கு இருக்கிறது என்று பொருள். இவற்றை வைத்து எந்த எண்ணெய் எந்த மூலப்பாறையில் பிறந்தது என்றுகூடப் பொருத்திப் பார்க்க முடிகிறது.

வியட்நாமின் வெள்ளைப் புலி வயலில் எண்ணெய் கிரானைட்டில் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தக் கிரானைட் விரிசல் விட்ட மேடு. பக்கவாட்டில் அதைச் சூழ்ந்த ஏரிக் களிப்பாறையிலிருந்து எண்ணெய் அதற்குள் ஏறியது. 8-ஆம் பதிலில் சொன்ன நகர்வுதான். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் உயிரின் துணையின்றி மீத்தேன் உருவாவது உண்மை. ஆனால் அதன் அளவு சிறிது. எண்ணெய் வயல்களுக்கு அது விளக்கமாகாது.

16. கார்பன் டேட்டிங் செஞ்சு எண்ணெயோட வயசைச் சொல்ல முடியுமா?

பொதுவாக முடியாது. இந்த முறையில் அளக்கப்படும் கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுகளில் அளக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். குவாய்மாஸ் எண்ணெய் (7-ஆம் பதில்) விதிவிலக்கு. இளையது என்பதால்தான் அந்த முறையிலேயே அதன் வயதைக் கணிக்க முடிந்தது. மற்ற வயல்களில் மூலப்பாறையின் வயதைப் புதைபடிவங்களைக் கொண்டு கணிப்பார்கள். பாறையின் வயது வேறு, எண்ணெய் பிரிந்த காலம் வேறு. ஜுராசிக் காலப் பாறை பல கோடி ஆண்டு கழித்துத்தான் சூடாகியிருக்கலாம்.

17. இப்பவும் எண்ணெய் உருவாகுதுன்னா ஏன் தீர்ந்துடும்னு பயப்படணும்? வத்துன கிணறு மறுபடி ஊறுச்சுன்னும் கேள்விப்பட்டேன்.

இந்த நிமிடமும் பல படுகைகளில் எண்ணெய் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். பல கோடி ஆண்டுகளில் சேர்ந்ததை ஓரிரு நூற்றாண்டுகளில் எடுக்கிறோம். உருவாகும் வேகம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

கிணறு "ஊறுவது" பெரும்பாலும் புது எண்ணெய் அல்ல. கிணற்றடியில் அழுத்தம் குறைந்ததால் உற்பத்தி நின்றிருக்கும். சில மாதம் மூடி வைத்தால், அதே தேக்கத்தின் தொலைவான, இறுக்கமான பகுதிகளிலிருந்து எண்ணெய் மெதுவாக நகர்ந்து வந்து அழுத்தத்தைச் சமப்படுத்தும். சில வயல்களில் ஆழத்துத் தேக்கத்திலிருந்து பிளவு வழியே எண்ணெய் ஏறுவதும் உண்டு. இரண்டிலும் வருவது முன்பே உருவாகிக் கிடந்த எண்ணெய்தான். திறந்த சில வாரங்களில் உற்பத்தி பழையபடி சரிந்தால், அது முதல் வகை என்று புரிந்துகொள்ளலாம்.